ஊர்வனக் கூண்டுக்கு வெப்ப விளக்கும் தெர்மோஸ்டாட்டும்: சேலத்திலும் ஏற்காட்டிலும் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

சேலம் போன்ற ஊரில் வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லியினத்துக்கு வெப்ப விளக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நம் மதில்மேல் இருக்கும் ஓணானையே காட்டலாம். காலையில் கிழக்குப் பார்த்த மதிலில் உடலைத் தட்டையாக்கி வெயில் காயும் அது, வெயில் ஏறியதும் முருங்கை மரத்தின் நிழற்பக்கத்துக்கு மாறிவிடும். மாலையில் மறுபடியும் சூடான கல்லைத் தேடி வரும். ஊர்வன உயிர்கள் இப்படி இடம் மாறி மாறித்தான் தம் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கின்றன. கண்ணாடித் தொட்டிக்குள் வாழும் விலங்குக்கு மதிலும் இல்லை, மரமும் இல்லை. ஆகவே தொட்டியின் ஒரு முனையில் மதிலையும் மறுமுனையில் நிழலையும் நாம்தான் அமைத்துத் தர வேண்டியிருக்கிறது. அறை 33 டிகிரியில் புழுங்கிக்கொண்டிருந்தாலும், வெயில் காயும் இடம் 40 டிகிரியை ஒட்டி இல்லாவிட்டால் பியர்டட் டிராகன் என்ற தாடிப் பல்லிக்குத் தின்ற இரை சரியாகச் செரிக்காது.

எங்கள் வீட்டில், சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில், ஒரு பியர்டட் டிராகனும் லெப்பர்டு கெக்கோ என்ற புள்ளிப் பல்லி ஒன்றும் இருக்கின்றன. ஏற்காட்டில் நாகலூர் செல்லும் வழியில் குடியிருக்கும் என் மைத்துனர் வீட்டில், முறைப்படி பதிவு செய்யப்பட்ட ஒரு பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு இருக்கிறது. இரண்டு வீடுகளுக்கும் இடையே இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர வேறுபாடும் உள்ளன. அதனால் ஒரே விளக்கும், தெர்மோஸ்டாட் எனப்படும் ஒரே வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் கீழே ஒருவிதமாகவும் மேலே வேறுவிதமாகவும் நடந்துகொள்வதைப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. அதிலிருந்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை விளக்குக்குச் செலவிடுவது வீண், கட்டுப்பாட்டுக் கருவிக்கும், அது பழுதானால் காப்பாற்றும் இரண்டாவது கருவிக்கும்தான் செலவிட வேண்டும்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்த பியர்டட் டிராகனுக்கு வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரையிலும், மறுமுனை 24 முதல் 28 டிகிரி வரையிலும் இருப்பது நல்லது. இரவில் 20 டிகிரி வரை இறங்கினாலும் அதற்குக் கெடுதல் இல்லை. அந்தியில் நடமாடும் லெப்பர்டு கெக்கோவுக்கு மறைவிடத்தின் தரை 31 முதல் 33 டிகிரி போதும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தானுக்குச் சூடான முனை 31 அல்லது 32 டிகிரியாகவும், குளிர்ந்த முனை 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும்; இரவிலும் அது 24 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இந்த எண்களில் பெரும்பாலானவை பொருளின் மேற்பரப்பைக் குறிப்பவை, காற்றை அல்ல. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும், கண்ணாடியில் ஒட்டிவைக்கும் வட்ட முள் வெப்பமானி காட்டுவது கண்ணாடியை ஒட்டிய காற்றின் வெப்பத்தை மட்டுமே என்பதால், அதை நம்பி விளக்கின் உயரத்தை மாற்றக்கூடாது. துப்பாக்கி வடிவத்தில் இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை எல்லாவற்றுக்கும் முன்பாக வாங்கிவிடுங்கள்.

விளக்குகளில் எளியது நம் பழைய குண்டு பல்பு. வெளிச்சம் தரும் கருவியாக அது தோற்றதற்கு எது காரணமோ அதுவே இங்கே அதன் சிறப்பு. உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் வெளியிடுகிறது. ஆனால் வெப்பத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் தொட்டி முழுவதும் சூடேறி, குளிர்ந்த முனை என்று ஒன்று இல்லாமல் போய்விடுகிறது. உள்ளே கண்ணாடிப் பூச்சு உள்ள ஹாலஜன் ஃப்ளட் விளக்கு இந்தக் குறையைத் தீர்க்கிறது. முன்பு நகைக்கடை, துணிக்கடைக் காட்சி மாடங்களில் எரிந்துகொண்டிருந்த, முகம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் அகலமுள்ள பிஏஆர் 38 வகையே பியர்டட் டிராகனுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் தீர்ப்பு. அதன் ஒளி ஒரு கையகல வட்டமாக விழாமல், விலங்கின் முழு உடலையும் மூடும் அளவுக்குப் பரவுகிறது. முதுகின் நடுவே மட்டும் வெப்பம் விழுந்தால், உடலின் மற்றப் பகுதி குளிர்ந்தே இருப்பதால் விலங்கு விளக்கை விட்டு விலகாமல் கிடந்து, அந்த ஒரே இடத்தில் சுட்டுக்கொள்ளும். எல்இடி வந்த பிறகு கடைகளில் இந்த விளக்கு அரிதாகிவிட்டது. பழைய இருப்பு வைத்திருக்கும் மின்பொருள் கடைகளில் கேட்டால் சில நேரம் கிடைக்கும், இல்லையேல் இணையத்தில்தான் வாங்க வேண்டும்.

வளர்ப்பு விலங்குகளுக்கென்றே அழகான அட்டைப்பெட்டியில் வரும் வெளிநாட்டு நிறுவனங்களின் 'பாஸ்கிங்' விளக்குகளையும் பயன்படுத்தியிருக்கிறோம். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதே வாட் அளவுள்ள ஹாலஜன் விளக்குக்கும் அதற்கும் கல்லின்மேல் அளந்த வெப்பத்தில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை; விலையில் மட்டும் பல மடங்கு வேறுபாடு உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பல்லியின் படத்துக்குத்தான் அந்த அதிகப்படி விலை என்று எண்ணத் தோன்றுகிறது.

சேலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, அது நாமக்கல். 1997 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்த அந்த ஊரில் கோழிப்பண்ணைப் பொருள்கள் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் அகச்சிவப்பு விளக்குகள் வெளிநாட்டு விளக்குகளின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. பீங்கான் ஹோல்டர் ஒன்று கேட்டபோது கடைக்காரர், "குஞ்சு எத்தனைங்க, எந்த வாரம்?" என்று விசாரித்தார், பாம்புக்கு என்று மைத்துனர் சொன்னதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்றுகொண்டார். முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைப்பு என்ற கணக்கு பண்ணையாளர்களுக்கு அத்துப்படி என்பதால், எந்த உயரத்தில் தொங்கவிட்டால் எவ்வளவு சூடு விழும் என்று அவர் சொன்னது எங்கள் அளவீட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. ஆனால் பண்ணையில் எரியும் 250 வாட் விளக்கு திறந்த கொட்டகைக்கு உரியது. நான்கடித் தொட்டிக்கு அது மிகை. தவிர, அவற்றில் பல சிவப்புக் கண்ணாடி கொண்டவை. சிவப்பு வெளிச்சம் ஊர்வனவற்றின் கண்ணுக்குத் தெரியாது என்று விற்பனையாளர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பகலில் நடமாடும் பல்லியினங்கள் சிவப்பை நன்றாகவே பார்க்கும். இரவெல்லாம் அந்த விளக்கு எரிந்தால் அவற்றின் உறக்கம் கெடும்.

வெளிச்சம் இல்லாமல் வெப்பம் மட்டும் வேண்டுமென்றால் செராமிக் ஹீட்டர்தான் நடைமுறை வழி. பல்பைப் போலத் திருகி மாட்டும் இது பெயர் தெரியாத தயாரிப்பாகவும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏற்காட்டு இரவுகளில் பால் பைத்தானைக் காப்பாற்றி வருவது ஒரு 100 வாட் செராமிக் ஹீட்டரே. அதன் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டக்கூடியது என்பதையும், எரிகிறதா இல்லையா என்று கண்ணால் அறிய முடியாது என்பதையும் மறந்துவிடக்கூடாது. கிளைமேல் ஏறும் பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளாமலிருக்கக் கம்பிக்கூடு கட்டாயம். காற்றை வறளச் செய்வது அதன் குறை. ஆனால் ஏற்காட்டின் மூடுபனிக் காலத்தில் அதுவே ஒருவகையில் உதவியாகவும் அமைகிறது. கரியிழை கொண்ட 'டீப் ஹீட்' வகை இதைவிட மேல்; வெளிச்சம் மிகக் குறைவு, வெப்பம் தோலைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. அதன் விலையும் கிடைக்கும் அருமையும்தான் தயங்க வைக்கின்றன.

தொட்டிக்கு அடியில் ஒட்டும் சூட்டு விரிப்பு கெக்கோவுக்குப் போதுமானது. தரையை மட்டும் சூடாக்கிக் காற்றை விட்டுவிடுவதால் ஏற்காட்டுப் பாம்புக்கு அதனால் பயனில்லை. உள்ளே மின்கம்பி ஓடும் செயற்கைக் கல் என்று ஒன்று விற்கிறார்கள். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வயிற்றில் தீப்புண்ணோடு மருத்துவரிடம் வரும் ஊர்வனவற்றுக்கு நெடுங்காலமாக அதுவே காரணமாக இருந்து வந்திருக்கிறது. வெயில் காய்வதற்கு, சமையலறை மேடை போடும் இடத்தில் வெட்டி ஒதுக்கிய கடப்பா கல் துண்டைவிடச் சிறந்தது வேறில்லை. கறுப்பு நிறம் வெப்பத்தை விரைவாக வாங்கிக்கொள்கிறது, விளக்கு அணைந்த பிறகும் நெடுநேரம் இளஞ்சூடாக இருக்கிறது, சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்தால் நகமும் தேய்கிறது.

இந்த விளக்குகள் எதுவும் புற ஊதா பி கதிருக்கு மாற்றாகா. பகலில் நடமாடும் பியர்டட் டிராகனுக்கு அதற்கெனத் தனிக் குழல் விளக்கு வேண்டும். சன்னலோரம் வைத்தால் போதும் என்பது தவறு, ஏனெனில் சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். வெப்பம், புற ஊதாக்கதிர் இரண்டையும் ஒன்றாகத் தரும் பாதரச ஆவி விளக்கை, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரிலோ, மங்கலாக்கும் தெர்மோஸ்டாட்டிலோ இணைக்க முடியாது என்பதால் இந்த மதிப்பீட்டிலிருந்து அதை விலக்கிவிட்டேன்.

ஹோல்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பொதுவாக இருக்கும் பி22 முனை ஹோல்டர் பேக்கலைட்டாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. வெப்ப விளக்குக்கு அது தாங்காது. இ27 திருகு வகையில் பீங்கான் ஹோல்டரும், சூடு தாங்கும் சிலிக்கான் உறை போட்ட ஒயரும் வாங்குங்கள். இரண்டும் சேலத்தின் எந்தப் பெரிய மின்பொருள் கடையிலும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு சிற்றுண்டிச் செலவுதான்.

இனி கட்டுப்பாட்டுக் கருவிகள். இவற்றில் மூன்று வகைகள் உண்டு. முதல் வகை, குறித்த வெப்பம் வந்ததும் மின்சாரத்தை முழுதாக நிறுத்தி, குறைந்ததும் முழுதாகத் திறந்துவிடும் ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட். இரண்டாவது, டிம்மரைப் போல மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைத்து விளக்கை ஒரே சீராக எரிய வைப்பது. மூன்றாவது, மின்சாரத்தைச் சிறு சிறு துடிப்புகளாக அனுப்பும் பல்ஸ் வகை. செராமிக் ஹீட்டருக்கும் சூட்டு விரிப்புக்கும் முதல் வகையும் மூன்றாவது வகையும் பொருந்தும். ஒளி தரும் விளக்குக்கு இரண்டாவது வகையே பொருந்தும். இந்த ஒரு பொருத்தத்தைச் சொல்லி விற்கும் கடைக்காரரை இதுவரை நான் பார்த்ததில்லை.

பொருத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதைத் தொட்டி முன் சற்று நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துகொள்ளலாம். ஹாலஜன் விளக்கை ஆன்-ஆஃப் கருவியில் மாட்டி, அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் இடையிலான வெப்ப இடைவெளியை ஒரு டிகிரி என்று வைத்தால், விளக்கு எரிந்த சில நிமிடங்களில் கல் சூடேறி அணைகிறது; சற்றே ஆறியதும் பளீரென்று மறுபடி எரிகிறது. கண்ணை மூடிப் படுத்திருக்கும் டிராகன் ஒவ்வொரு முறையும் தலையை உயர்த்தி, தாடியைச் சற்றுக் கறுக்கவிட்டு, மறுபடி தாழ்த்துகிறது. மேகம் வந்து வந்து போகும் நாளில் வெயில் காய வைத்ததுபோல் ஆகிவிடுகிறது அதன் நிலை. விளக்குக்கும் இது கேடு. குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழையில் மின்சாரம் பாயும் முதல் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் செல்வதால் இழையும் தேய்கிறது, கருவிக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே என்ற சுவிட்சின் முனைகளும் கருகுகின்றன. மங்கலாக்கும் வகையில் இந்தத் தொல்லை கிடையாது. காலையில் முழு ஒளியோடு தொடங்கும் விளக்கு, கல் 40 டிகிரியை நெருங்க நெருங்கத் தணிந்து, பிறகு நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்கிறது.

ஆன்-ஆஃப் வகையில் நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பது எஸ்டிசி-1000. பல தொழிற்சாலைகள் ஒரே வடிவில் செய்யும் கருவி என்பதால் வாங்குகிற இடத்தைப் பொறுத்துத் தரம் மாறும். 10 ஆம்பியர் ரிலே இரண்டு இருக்கின்றன, ஒன்று சூடாக்க, மற்றது குளிர்விக்க. எஃப் 1 என்ற அமைப்பில் வேண்டிய வெப்பத்தையும், எஃப் 2-இல் இடைவெளியையும், எஃப் 4-இல் சென்சார் (வெப்பத்தை அறியும் முனை) பிழைத்திருத்தத்தையும் குறிக்கலாம். விலையைப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது. ஆனால் பின்பக்கம் 230 வோல்ட் ஓடும் திருகுமுனைகள் திறந்தே இருக்கின்றன. பிளாஸ்டிக் பெட்டிக்குள் பொருத்தி மூடாமல் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து, அதுவும் தண்ணீர் தெளிக்கும் தொட்டியின் அருகில். மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு பெட்டி, பிளக், இரண்டு சாக்கெட்டுகளோடு அமைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையையும் தவிர்க்க விரும்பினால் இங்க்பேர்டு ஐடிசி-308 உண்டு. இதே வேலையைச் செய்வதுதான், ஆனால் மூடிய பெட்டியும் சாக்கெட்டுகளும் அதனோடே வருகின்றன. வெப்பம் எல்லை மீறினால் ஒலி எழுப்பும் வசதியும் இருக்கிறது. செராமிக் ஹீட்டர் வைத்திருக்கும் ஏற்காட்டு வீட்டுக்கு இதைத்தான் பரிந்துரைத்தேன். மைத்துனர் அதையே பயன்படுத்துகிறார். 220 வோல்ட் பதிப்பா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நாமக்கல்லில் விற்கும் முட்டை பொரிப்பான் கட்டுப்பாட்டுக் கருவிகள் மலிவானவை, உழைப்பவை; ஆனால் 37 டிகிரிக்குச் சற்று மேலே ஒரு முட்டைப் பெட்டியை அசையாமல் வைத்திருக்க என்றே பிறந்தவை. ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கெல்லாம் ரிலே தட்டிக்கொண்டே இருக்கும். இடைவெளியை அகலமாக்க வழியுள்ள மாதிரியாகப் பார்த்து வாங்கினால் சூட்டு விரிப்புக்குப் பயன்படுத்தலாம்.

மங்கலாக்கும் வகைக்கு இங்கிலாந்தின் ஹாபிஸ்டாட், மைக்ரோகிளைமேட் ஆகியவையே உலகெங்கும் பேர்போனவை. அவை நம் மின்னழுத்தத்துக்கு ஒத்தவை. பிளக் மட்டும் மாறும். அமெரிக்கச் சந்தைக்கென 120 வோல்ட்டில் செய்யப்பட்ட கருவிகளை, எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும், இங்கே நேரடியாக மாட்டக்கூடாது. இறக்குமதிச் செலவையும் சேர்த்தால் விலை நெற்றியைச் சுருக்க வைக்கும். எங்கள் டிராகனுக்கு இப்படி ஒன்றை வாங்கினோம். அதற்குக் கொடுத்த பணத்துக்கு வருந்தவில்லை. அவ்வளவு செலவிட முடியாதவர்கள், விளக்குக்கான சாதாரண டிம்மர் ஒன்றைப் போட்டு, கையால் அளவைக் குறித்து, மேலே ஓர் ஆன்-ஆஃப் கருவியைக் காவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சேலத்தில் அறையின் வெப்பநிலை பருவத்துக்குப் பருவம்தான் பெரிதாக மாறுகிறது என்பதால் இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கும். ஏற்காட்டில் ஒரே நாளுக்குள் வெயிலும் மூடுபனியும் மாறி மாறி வரும். அங்கே கையால் திருப்பும் டிம்மர் உதவாது.

காவலுக்கு என்று சொன்னேன். ரிலே பழுதாகும்போது பெரும்பாலும் அதன் முனைகள் ஒட்டிக்கொள்கின்றன. அதாவது, கருவி அணைத்துவிட்டதாகக் காட்டும், ஹீட்டரோ எரிந்துகொண்டே இருக்கும். டிம்மருக்குள் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரையாக் என்ற பாகமும் கெட்டால் முழு மின்சாரத்தையும் விட்டுவிடும் பழக்கமுள்ளது. பெயரில்லாத கருவி ஒன்றில் எங்களுக்கே இது நேர்ந்தது. கெக்கோவின் தொட்டியில் திரை 32 என்று காட்டி, சூடாக்கும் விளக்குக்குறியும் அணைந்திருந்தது. தரையின்மேல் கை வைத்தபோது சுட்டது. மறைவிடத்தை விட்டு எதிர்முனைக் கண்ணாடியில் கெக்கோ ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் கவனித்தோம். அதன் பிறகு எல்லாத் தொட்டிகளிலும் இரண்டு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மின்வழியில் இணைத்துவிட்டோம். முதலாவது வேண்டிய வெப்பத்தில் வேலை செய்யும். இரண்டாவது அதைவிட நான்கு டிகிரி கூடுதலாகக் குறிக்கப்பட்டு, தனக்கென ஒரு சென்சாரோடு சும்மா இருக்கும். முதலாவது ஒட்டிக்கொண்டால் இரண்டாவது துண்டிக்கும். இரண்டாவதாக எஸ்டிசி-1000 தாராளமாகப் போதும். இதோடு வாட் அளவையும் கட்டுக்குள் வையுங்கள்: விளக்கு தடையில்லாமல் எரிந்தாலும் தொட்டியின் குளிர்ந்த முனை விலங்கு தாங்கும் அளவிலேயே நிற்குமாறு குறைந்த வாட்டைத் தேர்ந்தெடுத்தால், எல்லாக் கருவிகளும் கைவிட்டாலும் உயிர் பிழைக்கும்.

சென்சார் இருக்கும் இடம் கருவியின் விலையைவிட முக்கியம். செராமிக் ஹீட்டருக்கு, அதன் நேர்கீழே பாம்பு படுக்கும் உயரத்தில் சென்சார் இருக்க வேண்டும். குளிர்ந்த முனையில் வைத்தால் அந்த முனையைச் சூடாக்குவதற்காக ஹீட்டர் மறுமுனையை வறுத்துவிடும். பசைநாடா போட்டு ஒட்டுவது பெருந்தவறு. சூட்டில் பசை இளகிச் சென்சார் கழன்று விழும், அல்லது பாம்பின் தோலில் நாடா ஒட்டிக்கொண்டு செதிலோடு உரிந்து வரும். கல்லில் சிறு துளையிட்டு ஒயரைப் பசையில்லாத பிளாஸ்டிக் கட்டுநாடாவால் (கேபிள் டை) இறுக்கிவிடுங்கள். சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று அறிய, பனிக்கட்டியை நொறுக்கிச் சிறிது தண்ணீர் விட்ட குவளையில் அதை அமிழ்த்திக் கலக்கினால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் வைத்து 100 பார்க்கலாம் என்று சிலர் சொல்வதை ஏற்காட்டில் செய்யாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், நல்ல சென்சாரைக் கெட்டது என்று தூக்கி எறிய நேரிடும்.

சேலத்தின் பங்குனி, சித்திரை மாதங்களைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகள் எதுவும் சொல்வதில்லை. மாடிவீட்டு அறையில் பிற்பகல் 36 டிகிரி இருக்கும்போது தெர்மோஸ்டாட் செய்யக்கூடியது விளக்கை அணைப்பது மட்டுமே. குளிர்ந்த முனையை அது உண்டாக்கித் தராது. அப்போது உதவுவது எஸ்டிசி-1000, ஐடிசி-308 இரண்டிலும் இருக்கும் அந்த இரண்டாவது, குளிர்விக்கும் வழி. கணினியில் இருக்கும் சிறு விசிறி ஒன்றை, அதற்குரிய அடாப்டரோடு அதில் இணைத்து, தொட்டியின் மேல்மூலையிலிருந்து சூடான காற்றை வெளியே இழுக்குமாறு பொருத்தினோம். விலங்கின்மேல் நேராகக் காற்று வீசக்கூடாது. தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து உள்ளறைக்கு மாற்றியதும் விளக்கைக் காலை வேளையில் மட்டும் எரிய விட்டதும் அதைவிட அதிகப் பலன் தந்தன. வாயைத் திறந்தபடி கல்லின்மேல் சிறிது நேரம் இருப்பது டிராகனின் இயல்பு. குளிர்ந்த முனையிலும் வாயைத் திறந்தபடியே கிடந்தால் அதற்கு வெப்பம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

ஏற்காட்டில் சிக்கல் நேர்மாறானது. மார்கழி இரவுகளில் வெளியே 12, 13 டிகிரி அளவுக்கு இறங்கும்போது, மேலே கம்பிவலை போட்ட கண்ணாடித் தொட்டியில் எத்தனை வாட் கொடுத்தாலும் கூரை வழியாகவே போய்விடுகிறது. மைத்துனர் கண்ணாடியைக் கைவிட்டு, முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு வைத்த மரைன் பிளைவுட் பெட்டிக்கு மாறினார். அதே 100 வாட் ஹீட்டர் இப்போது இடையிடையே ஓய்வெடுக்கிறது. மின்வெட்டும் அங்கே கூடுதல் கவலை, ஏனெனில் காற்றும் மழையும் அடித்தால் சில்வர் ஓக் கிளை மின்கம்பியின்மேல் விழுவது வழக்கம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் இழப்புகள் போக ஓர் இரவுக்குச் சராசரியாக 50 வாட் எளிதாகக் கிடைக்கும். மங்கலாக்கும் கருவி வைத்திருப்பவர்கள் சைன் அலை இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். சதுர அலையில் விளக்கு நடுங்கும், கருவியும் குழம்பும். மின்அழுத்தம் 250 வோல்ட்டைத் தொடும் வீடுகளில் ஹாலஜன் விளக்கின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும் என்பதால், விளக்கு அடிக்கடி போனால் விற்றவரைத் திட்டுவதற்கு முன் வோல்ட் மீட்டரைப் பாருங்கள்.

மின்கட்டணம் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். 75 வாட் விளக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் முழு ஒளியோடு எரிந்தாலும் 0.9 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 54 யூனிட். தெர்மோஸ்டாட் இருந்தால் அதிலும் குறையும்.

வாங்கும் இடங்களைப் பற்றிச் சொன்னால், சேலத்தின் வளர்ப்பு விலங்குக் கடைகள் மீனுக்கும் பறவைக்கும் நாய்க்கும் உரியவை. ஊர்வனப் பொருள்கள் ஓரமாக ஓர் அலமாரியில் தூசி படிந்து இருக்கும். ஒரு கடையில் சிவப்பு விளக்கும் அந்தச் செயற்கைக் கல்லும் சேர்ந்த 'முழுத் தொகுப்பு' ஒன்றைக் காட்டி, தெர்மோஸ்டாட் தேவையில்லை, பல்லி தானே விலகிப் படுத்துக்கொள்ளும் என்றார்கள். அதே கடையில் விலங்குக்கான ஆவணம் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையையும் நம் நாட்டு மலைப்பாம்பையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. பால் பைத்தான், பச்சை இகுவானா போன்றவற்றை 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஆவணம் தராத கடையில் விலங்கை வாங்காதீர்கள். விளக்கையும் தேவைப்பட்டால் மின்பொருள் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். இணையத்தில் வாங்கும் தெர்மோஸ்டாட்டைப் பெட்டி பிரித்த அன்றே பனிக்கட்டிச் சோதனை செய்து, ஒரு சாதாரண பல்பை மாட்டி இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது; திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை. மலைமேல் இருப்பவர்கள் ஹீட்டரிலும் சென்சாரிலும் உபரியாக ஒன்று வாங்கி, ஐப்பசி மழைக்கு முன்பே வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மண்சரிந்து சாலை அடைபட்டால் கூரியர் மேலே வராது.